இரண்டாவது மானிட்டர் லாபம் தருமா?

கம்ப்யூட்டர் பழுது பார்க்கவும், புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரை அமைத்துத் தரவும் என்னை வீடுகளுக்கு அழைப்பார்கள். முன்பெல்லாம் "பிரிண்டர் வேலை செய்யவில்லை", "வைரஸ் வந்துவிட்டது" என்றுதான் அழைப்பு வரும். சில ஆண்டுகளாக வேறொரு வகை அழைப்பு கூடியிருக்கிறது. "ஷேர் சாப்ட்வேர் மெதுவாக இருக்கிறது, ராம் கூட்டினால் சரியாகுமா?", "நெட் எத்தனை எம்.பி. வேகத்தில் வாங்கினால் டிரேடிங்குக்கு நல்லது?" என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லி, பொருத்த வேண்டியதைப் பொருத்திவிட்டு வந்துகொண்டிருந்தேன். இனி அப்படி வர முடியாது என்று ஒரு வீட்டில் தோன்றியது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் பகுதியில் ஒரு தலைமை ஆசிரியர் இருக்கிறார். 2021-ல் ஓய்வு பெற்றார். ஓய்வுப் பணம் வந்த கையோடு என்னை அழைத்தார்.

"தம்பி, ஒரே ஸ்கிரீன்ல சார்ட்டும் பார்த்து ஆர்டரும் போடறது கஷ்டமா இருக்கு. மாத்தி மாத்திப் பார்க்கறதுக்குள்ள விலை ஓடிப் போயிடுது. இன்னொரு மானிட்டர் போட்டுக் குடு" என்றார்.

"சார், ரெண்டு மானிட்டர் போட்டா நிறையப் பார்க்கலாம். நிறைய லாபம் வருமான்னு தெரியாது" என்று அன்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கிராபிக்ஸ் கார்டில் இரண்டு போர்ட் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. மானிட்டரைப் பொருத்தினேன், கூலியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

2023-ல் மறுபடி அழைத்தார். வருமான வரிக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும், புரோக்கர் தளத்திலிருந்து ஆண்டு அறிக்கையை டவுன்லோட் செய்து தர வேண்டும் என்றார். டவுன்லோட் செய்து ஒர்க்ஷீட்டில் திறந்தேன். "எவ்வளவு போயிருக்கும் சார்?" என்று கேட்டேன். "ஒண்ணரை லட்சம் இருக்கும்" என்றார். கூட்டிப் பார்த்தபோது ஆறு லட்சத்துக்கு மேல் வந்தது. அதில் ஒரு பெரும் பகுதி வெறும் கட்டணங்களும் வரிகளும். அந்த நேரம் அவர் மனைவி காபியுடன் அறைக்குள் வந்தார். சார் என் கையிலிருந்த மவுஸை வாங்கி, அந்த விண்டோவை மினிமைஸ் செய்தார்.

நாற்பது ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவர் அவர். அவருக்கே இது நடக்கிறது என்றால் தவறு அறிவில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. அந்தப் பழக்கத்தை வளர்ப்பதில் நம் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் கையில் இருக்கும் போனுக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து. பங்குச்சந்தையில் நம்மைப் போன்ற சாதாரண முதலீட்டாளர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளை அந்தக் கோணத்தில் பார்க்கலாம்.

வேகம் யாருக்கு உதவுகிறது?

முதல் தவறு, வேகத்தைத் திறமை என்று எண்ணுவது. 1990-களின் தொடக்கம் வரை ஷேர் வாங்க புரோக்கர் அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். பத்திரம் காகிதத்தில் வரும். 1994-ல் தேசிய பங்குச்சந்தை திரை வழி வர்த்தகத்தைத் தொடங்கியது. 1996-ல் டிமேட் வந்தது. 2000-ல் இன்டர்நெட் வழி வர்த்தகம் வந்தது. இன்று போனை எடுத்து இரண்டு முறை தொட்டால் போதும். 2020 மார்ச்சில் நாட்டில் சுமார் 4 கோடி டிமேட் கணக்குகள் இருந்தன. 2025-ல் அந்த எண்ணிக்கை 20 கோடியைத் தாண்டியது. இத்தனை பேர் எளிதாகச் சந்தைக்குள் வந்தது நல்லதுதான். ஆனால் எளிதாக வாங்குவதும் நன்றாக வாங்குவதும் ஒன்றல்ல.

இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடியன் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள், அங்கே போன் மூலம் ஷேர் வாங்கி விற்று வந்த, பிறகு 1990-களில் கம்ப்யூட்டர் மூலம் வர்த்தகத்துக்கு மாறிய 1,607 பேரின் கணக்குகளை ஆராய்ந்தார்கள். மாறுவதற்கு முன் இவர்கள் சந்தையை விட ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகச் சம்பாதித்து வந்தார்கள். கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகு அதிகமாகவும் வேகமாகவும் வர்த்தகம் செய்தார்கள்; சந்தையை விட ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் பின்தங்கினார்கள். ஆட்கள் அதே ஆட்கள்தான். கருவி மட்டுமே மாறியிருந்தது.

வேகப் போட்டியில் நமக்கு எதிரே யார் நிற்கிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் தங்கள் சர்வரை பங்குச்சந்தையின் டேட்டா சென்டருக்குள்ளேயே வாடகைக்கு வைத்துக்கொள்கின்றன. அங்கே முடிவெடுப்பது சாப்ட்வேர். விலைத் தகவல் நம் வீட்டு பிராட்பேண்டில் வந்து, நம் கண்ணில் பட்டு, விரல் மவுஸை அழுத்துவதற்குள் அந்த சாப்ட்வேர் நூற்றுக்கணக்கான ஆர்டர்களைப் போட்டு ரத்தும் செய்திருக்கும். இந்த ஓட்டத்தில் ராம் கூட்டுவது, ரயிலை முந்த சைக்கிளுக்கு எண்ணெய் போடுவது போலத்தான்.

ஆப்ஷன்ஸ் மாதச் சம்பளம் அல்ல

தலைமை ஆசிரியர் செய்தது ஆப்ஷன்ஸ் வர்த்தகம். "பென்ஷனோட மாசம் இருபதாயிரம் வந்தா போதும் தம்பி" என்பதுதான் அவர் கணக்கு. மிகப் பலர் இந்தக் கணக்கோடுதான் ப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் வருகிறார்கள்.

ஷேர் வாங்கினால் ஒரு நிறுவனத்தில் பங்கு கிடைக்கிறது. விலை இறங்கினாலும் காத்திருக்கலாம். ஆப்ஷனுக்குக் கடைசி நாள் உண்டு. நீங்கள் எதிர்பார்த்த திசையில், எதிர்பார்த்த அளவு, அந்தத் தேதிக்குள் விலை நகர வேண்டும். நகராவிட்டால் நீங்கள் வாங்கிய ஆப்ஷன், வெயிலில் வைத்த ஐஸ்கட்டி போல ஒவ்வொரு நாளும் கரையும். கடைசி நாளில் பூஜ்யம் ஆகலாம். ஒரு மாதம் கழித்து உங்கள் கணிப்பு பலித்தாலும் போன பணம் திரும்பாது.

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு முடிவை ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் இந்த வர்த்தகத்தில் ஈடுபட்ட தனிநபர்கள் ஒரு கோடிக்கு மேல். அவர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள். நஷ்டப்பட்டவர்களின் சராசரி நஷ்டம், கட்டணங்களையும் சேர்த்து, சுமார் 2 லட்சம் ரூபாய். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் லாபம் பார்த்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான். அடுத்த நிதியாண்டிலும், அதாவது 2024-25-லும், சுமார் 91 சதவீதம் பேர் நஷ்டத்தில்தான் இருந்தார்கள் என்று செபி 2025 ஜூலையில் தெரிவித்தது.

அந்தப் பணம் எங்கே போனது? ஒரு பகுதி கட்டணமாகவும் வரியாகவும் போனது. இன்னொரு பகுதி பெரிய நிறுவனங்களுக்குப் போனது. 2023-24-ல் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் இந்தச் சந்தையில் ஈட்டிய லாபத்தில் 97 சதவீதம் கம்ப்யூட்டர் அல்காரிதம் மூலம் வந்தது என்று அதே ஆய்வு சொல்கிறது. நான் மேலே சொன்ன சர்வர்கள்தான் அவை.

எனக்கு இதைவிட வருத்தம் தந்த தகவல் ஒன்று உண்டு. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நஷ்டப்பட்டவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் மூன்றாவது ஆண்டும் விடாமல் தொடர்ந்தார்கள். விட்டதைப் பிடிக்கலாம் என்ற எண்ணம்தான் காரணம். அந்த எண்ணம் வரும்போது கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்துவிட்டு எழுந்து போவதே நல்லது.

"புரோக்கரேஜ் ஜீரோ" என்றால் செலவு ஜீரோவா?

பல நிறுவனங்கள் டெலிவரி எடுக்கும் ஷேர்களுக்கு புரோக்கரேஜ் வாங்குவதில்லை. அதனால் வாங்கி விற்பதற்குச் செலவே இல்லை என்ற எண்ணம் பரவியிருக்கிறது. ஒரு சிறிய கணக்குப் போடுவோம்.

50,000 ரூபாய்க்கு ஒரு ஷேர் வாங்கி, அதே விலைக்கு விற்கிறீர்கள். பங்குப் பரிவர்த்தனை வரி வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம், ஆக 100 ரூபாய். வாங்கும்போது முத்திரை வரி 0.015 சதவீதம், 7 ரூபாய் 50 காசு. விற்கும்போது டிமேட் கணக்கிலிருந்து ஷேர் வெளியேறுவதற்கான கட்டணம், சந்தைக் கட்டணம், இவற்றின் மீது ஜி.எஸ்.டி. என்று சேர்த்தால் சுற்றுக்கு 120 ரூபாயைத் தாண்டிவிடும். ஒரு முறை என்றால் பெரிதில்லை. அதே 50,000 ரூபாயை ஆண்டில் இருபது முறை வாங்கி விற்றால் 2,400 ரூபாய். அதாவது போட்ட பணத்தில் கிட்டத்தட்ட 5 சதவீதம். நீங்கள் சரியாகக் கணித்தாலும் தவறாகக் கணித்தாலும் இது போகும். லாபம் வந்தால், ஓராண்டுக்குள் விற்றதற்கு மூலதன ஆதாய வரி தனியாக இருக்கிறது.

மேலே சொன்ன இரண்டு பேராசிரியர்களும் 2000-ல் இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். 1991 முதல் 1996 வரை 66,465 குடும்பங்களின் ஷேர் கணக்குகளைப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் கொடுத்தது. மிக அதிகமாக வாங்கி விற்ற குடும்பங்களுக்குக் கிடைத்தது 11.4 சதவீதம்தான். உழைப்பு கூடக் கூட வருமானம் குறையும் தொழில் வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

பச்சையை விற்று, சிவப்பை வைத்திருப்பது

உங்கள் ஆப்பில் ஹோல்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். லாபம் பச்சையிலும் நஷ்டம் சிவப்பிலும் இருக்கும். நாம் செய்வது என்ன? 15 சதவீதம் பச்சையில் இருப்பதை "வந்த வரைக்கும் லாபம்" என்று விற்கிறோம். 40 சதவீதம் சிவப்பில் இருப்பதை "வாங்கின விலைக்கு வரட்டும்" என்று வைத்திருக்கிறோம். இப்படிச் சில ஆண்டுகள் செய்தால், நல்ல ஷேர்கள் எல்லாம் வெளியே போய், சொத்தைகள் மட்டும் பட்டியலில் மிஞ்சும். தோட்டத்தில் பூச்செடியைப் பிடுங்கிவிட்டுக் களைக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற வேலை இது.

நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரியாது. "இன்று என் கையில் இந்த ஷேருக்குப் பதில் பணம் இருந்தால், இதே விலைக்கு இதை வாங்குவேனா?" என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இல்லை என்றால் வைத்திருக்கவும் காரணம் இல்லை.

இதன் அண்ணன் ஒருவர் உண்டு. அவர் பெயர் "ஆவரேஜ்". விலை இறங்க இறங்க மேலும் வாங்கி, சராசரி விலையைக் குறைப்பது. யெஸ் பேங்க் ஷேர் 2018 ஆகஸ்டில் 400 ரூபாயைத் தொட்டது. அது 200-க்கு வந்தபோது "பாதி விலை" என்று வாங்கியவர்கள் உண்டு. 100-க்கும் 50-க்கும் வந்தபோதும் அதே காரணத்தைச் சொல்லி வாங்கினார்கள். 2020 மார்ச் மாதம் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்த மறுநாள் அது 6 ரூபாய்க்கும் கீழே போனது. பிறகு வந்த சீரமைப்புத் திட்டத்தில், நூறு ஷேர்களுக்கு மேல் வைத்திருந்தவர்களின் ஷேர்களில் 75 சதவீதத்தை மூன்று ஆண்டுகளுக்கு விற்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். வங்கி பிழைத்தது. ஆனால் 400 ரூபாய்க்கு வாங்கியவரின் பணம் பிழைக்கவில்லை.

ஒரு எளிய கணக்கை மனதில் வையுங்கள். 50 சதவீதம் இறங்கிய ஷேர் பழைய விலைக்கு வர 50 சதவீதம் ஏறினால் போதாது. 100 சதவீதம் ஏற வேண்டும். 90 சதவீதம் இறங்கியது பத்து மடங்காக வேண்டும்.

நல்ல கம்பெனி வேறு, நல்ல விலை வேறு

நம் இதழைப் படிப்பவர்கள் தொழில்நுட்பம் அறிந்தவர்கள். அதனால் நமக்கே உரிய ஒரு தவறும் உண்டு. "இந்தப் பொருளை எனக்குத் தெரியும், எல்லாரும் இதைத்தான் பயன்படுத்தப் போகிறார்கள், எனவே இந்த ஷேர் ஏறும்" என்று நினைப்பது.

1999, 2000 ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். பெயரில் சாப்ட்வேர் என்று இருந்தாலே ஷேர் ஏறியது. சென்னையைச் சேர்ந்த பென்டாமீடியா கிராபிக்ஸ், கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் பெயர் பெற்ற எஸ்.எஸ்.ஐ. போன்றவையும் அன்று நாடு முழுவதும் பேசப்பட்ட ஷேர்கள். கேத்தன் பரேக் என்ற மும்பை புரோக்கர் ஏற்றிவிட்ட ஷேர்களின் பட்டியலில் இவையும் இருந்தன. 2001-ல் அந்தக் குமிழி உடைந்தது. கம்ப்யூட்டர் படித்து, கம்ப்யூட்டர் கம்பெனி ஷேரை வாங்கியவர்களின் சேமிப்பும் அதோடு போனது.

அங்கே விலையை ஏற்றிவிட்டவர்கள் இருந்தார்கள், அதனால் போனது என்று நீங்கள் சொல்லலாம். சிஸ்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். உலகின் இன்டர்நெட்டை இணைக்கும் ரூட்டர்களை விற்கும் நிறுவனம். இன்டர்நெட் வளரும் என்று 2000-ல் நினைத்தவர்கள் நினைத்தது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் 2000 மார்ச்சில் 80 டாலர் அளவில் இருந்த ஷேர், 2002-ல் 10 டாலருக்கும் கீழே போனது. நிறுவனம் மூடப்படவில்லை, நன்றாகவே நடந்தது. இருந்தும் ஷேர் விலை பழைய உச்சத்தைத் தாண்ட 2025 டிசம்பர் ஆனது. இருபத்தைந்து ஆண்டுகள்! இன்று ஆர்ட்டிபிஷியல் இன்டலிஜென்ஸ் என்ற பெயரைக் கேட்டவுடன் பர்சைத் திறப்பவர்கள் இந்தக் கதையை ஒரு தரம் படித்துவிட்டுத் திறக்கட்டும்.

இதன் மறுபக்கம், "பத்து ரூபாய் ஷேர் மலிவு, மூவாயிரம் ரூபாய் ஷேர் விலை அதிகம்" என்ற எண்ணம். ஒரு கேக்கை நான்காக வெட்டினால் துண்டு பெரியது. நானூறாக வெட்டினால் சிறியது. சிறிய துண்டு விலை குறைவு என்பதால் கேக் மலிவு என்று ஆகாது. ஷேரின் விலையை மொத்த ஷேர்களின் எண்ணிக்கையால் பெருக்கி, அந்த நிறுவனத்தின் லாபத்தோடு ஒப்பிட்டால்தான் மலிவா என்று தெரியும்.

டிப்ஸ் தரும் குரூப்கள்

இது கம்ப்யூட்டர் பாதுகாப்பு விஷயமும் கூட என்பதால் சற்று அழுத்திச் சொல்கிறேன். வாட்ஸ்அப், டெலிகிராம் குரூப்பில் நீங்கள் கேட்காமலே உங்களைச் சேர்ப்பார்கள். "இன்று வாங்கியது 20 சதவீதம் ஏறியது, நன்றி சார்" என்று பலர் எழுதுவார்கள். அந்தப் பலரும் ஒருவராகவே இருக்கலாம். பிறகு ஒரு ஆப் இன்ஸ்டால் செய்யச் சொல்வார்கள். அதில் உங்கள் பணம் இரட்டிப்பானதாகக் காட்டும். எடுக்கப் போனால் "முதலில் வரியைக் கட்டுங்கள்" என்பார்கள். திரையில் தெரிந்த லாபம் யாரோ டைப் செய்த எண் என்பது அப்போதுதான் புரியும்.

தற்காத்துக்கொள்ள நான் சொல்லும் வழிகள் இவை. புரோக்கரின் ஆப்பில் தெரிவதை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் ஷேர்கள் உண்மையில் இருக்கும் இடம் என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல். அவற்றின் தளங்களில் நீங்களே நேரடியாக லாகின் உருவாக்கி, ஷேர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மெயிலில் வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைத் திறந்து படியுங்கள். பணம் அனுப்பும் முன் பெறுபவர் யார் என்று பாருங்கள். செபியில் பதிவு பெற்ற நிறுவனங்களுக்கு 2025 அக்டோபர் முதல் 'வேலிட்' என்ற சொல் அடங்கிய தனி யு.பி.ஐ. முகவரி உண்டு. 'செபி செக்' என்ற வசதியில் அதைச் சரிபார்க்கலாம். தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அது மோசடி. எனிடெஸ்க் போன்ற ரிமோட் சாப்ட்வேரைப் போட்டு அதன் எண்ணைத் தெரியாதவரிடம் சொல்லாதீர்கள். இப்படி நடக்கும் திருட்டுகள் பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்திருக்கிறது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நான் போகும் வீடுகளில் பாதியில் இதைப் பார்க்கிறேன்.

கம்ப்யூட்டரை எதற்குப் பயன்படுத்தலாம்?

இத்தனை தவறுகளுக்கும் தாய் ஒன்று உண்டு. நாம் கணக்கு எழுதுவதில்லை. லாபம் நினைவில் நிற்கிறது, நஷ்டம் மறந்துபோகிறது. இதற்குத்தான் வீட்டுக் கம்ப்யூட்டர் உண்மையிலேயே உதவும். எக்ஸெல் இருந்தால் போதும். இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் கால்க் சாப்ட்வேரை இலவசமாக டவுன்லோட் செய்திடலாம்.

உங்கள் வங்கி அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய ஒர்க்ஷீட்டில் முதல் நெட்டு வரிசையில் தேதியையும், இரண்டாவதில் தொகையையும் இடுங்கள். புரோக்கருக்குப் போன ஒவ்வொரு தொகைக்கும் முன்னால் மைனஸ் அடையாளம் வேண்டும். புரோக்கரிடமிருந்து வந்ததும், வங்கிக்கு வந்த டிவிடெண்டும் பிளஸ். கடைசி வரியில் இன்றைய தேதியை இட்டு, கையிலுள்ள ஷேர்களின் இன்றைய மதிப்பையும் புரோக்கரிடம் உள்ள பணத்தையும் கூட்டி, பிளஸ் தொகையாகத் தாருங்கள்.

இனி காலியாக உள்ள ஒரு செல்லில் சமக் குறி இட்டு, எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை டைப் செய்து, அடைப்புக் குறிக்குள் முதலில் தொகை வரிசையையும், ஒரு கமா போட்டுத் தேதி வரிசையையும் தேர்ந்தெடுங்கள். என்டர் தட்டி, அந்த செல்லை சதவீதமாக பார்மட் செய்திடுங்கள். எல்லாக் கட்டணங்களும் போக, ஆண்டுக்கு எத்தனை சதவீதம் சம்பாதித்தீர்கள் என்பது வந்துவிடும். ஓராண்டுக்குக் குறைவான கணக்குக்கு இதைச் செய்யாதீர்கள். விடை பெரிதுபடுத்திக் காட்டும்.

இன்னும் ஒரு படி போகலாம். மூன்றாவது வரிசையில், அந்தந்தத் தேதியில் ஏதேனும் ஒரு நிப்டி இன்டெக்ஸ் பண்டின் யூனிட் விலையை இடுங்கள். ஆம்பி தளத்தில் பழைய விலைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தொகையை விலையால் வகுத்தால் யூனிட் எண்ணிக்கை வரும். கடைசி வரியைத் தவிர்த்து யூனிட்களைக் கூட்டி, மைனஸ் அடையாளத்தை நீக்கி, இன்றைய யூனிட் விலையால் பெருக்குங்கள். எந்த ஷேரையும் தேடாமல், எந்த டிவி சேனலையும் பார்க்காமல், அதே நாட்களில் அதே பணத்தை இன்டெக்ஸ் பண்டில் போட்டிருந்தால் இன்று எவ்வளவு இருக்கும் என்பது அந்த எண். அதை உங்கள் ஷேர்களின் மதிப்போடு ஒப்பிடுங்கள்.

ஊருக்கு உபதேசம் செய்யும் முன் என் கணக்குக்கு இதைச் செய்தேன். ஏழு ஆண்டுக் கணக்கு. ஆண்டுக்குப் பதினைந்து சதவீதமாவது இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வந்தது ஆறு சதவீதம் சொச்சம். இன்டெக்ஸ் பண்டில் போட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்பதையும் அந்த ஒர்க்ஷீட் இரக்கமில்லாமல் காட்டியது. இரட்டிப்பான மூன்று ஷேர்களைப் பற்றி நண்பர்களிடம் பலமுறை பேசியிருக்கிறேன். மீதிப் பதினொன்றைப் பற்றி ஒரு முறை கூடப் பேசியதில்லை.

அப்படியானால் ஒதுங்கிவிடலாமா?

ஒதுங்க வேண்டாம் என்பதே என் கருத்து. 2008 ஜனவரியில் சென்செக்ஸ் 21,206 என்ற உச்சத்தைத் தொட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் 7,700-க்கும் கீழே விழுந்தது. ஜனவரி உச்சத்தில், அதாவது மிக மோசமான நாளில், சென்செக்ஸ் இன்டெக்ஸ் முழுவதையும் வாங்கிய ஒருவர் அதை விற்காமல் விட்டிருந்தால், 2024 செப்டம்பரில் 85,978 என்ற உச்சத்தைப் பார்த்திருப்பார். நான்கு மடங்கு. டிவிடெண்ட் இல்லாமலே ஆண்டுக்கு எட்டரை சதவீதத்துக்கு மேல். உச்சத்திலிருந்து உச்சத்துக்கு அளக்கிறேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் இடையில் 2008-ம் 2020 மார்ச்சும் வந்துபோயின. 2020-ல் ஜனவரியில் 42,000-ஐத் தாண்டிய சென்செக்ஸ் மார்ச்சில் 26,000-க்கும் கீழே போய், ஆண்டு முடிவில் 47,000-க்கு மேல் நின்றது. பயந்து மார்ச்சில் விற்றவருக்கு நஷ்டம். அந்த மூன்று மாதம் ஆப்பைத் திறக்காதவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

எனவே ஐந்து ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணத்தை மட்டும் போடுங்கள். மகள் திருமணத்துக்கு வைத்த பணமும், மருத்துவத்துக்கு வைத்த பணமும் வங்கியிலேயே இருக்கட்டும். கடன் வாங்கிப் போடாதீர்கள். ஒரு ஷேர் வாங்கும் முன், ஏன் வாங்குகிறீர்கள் என்று ஒர்க்ஷீட்டில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். விற்கும்போது அதைப் படியுங்கள். போனில் விலை நோட்டிபிகேஷனை ஆப் செய்திடுங்கள். நாமினி பெயரைப் பதிவு செய்து, கணக்கு எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாத முதலீடு என்றால், அதைச் செய்யாமல் இருப்பதே மேல்.

தலைமை ஆசிரியர் சில வாரங்கள் கழித்து மனைவியிடம் தானே சொல்லிவிட்டார். அந்த வீட்டில் அன்று என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. இரண்டாவது மானிட்டரைக் கழற்றித் தரச் சொன்னார். இப்போது அது பேத்தியின் படிப்பு மேசையில் இருக்கிறது. மாதம் ஒரு முறை சிறு தொகையை இன்டெக்ஸ் பண்டில் போட்டுவிட்டு, ஒர்க்ஷீட்டில் ஒரு வரி சேர்க்கிறார். முதல் முறை பழைய கணக்கையும் சேர்த்து பார்முலா போட்டுவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். மைனஸ்ல காட்டுது. பார்முலா தப்பா?"

"இல்ல சார், பார்முலா சரிதான்" என்றேன்.

இப்போதும் டிரேடிங்குக்கு இரண்டாவது மானிட்டர் கேட்டு அழைக்கிறார்கள். போகிறேன். ஆனால் கேபிளை எடுக்கும் முன், "முதலில் உங்கள் கணக்கை ஒரு ஒர்க்ஷீட்டில் போட்டுப் பார்ப்போமா?" என்று கேட்கிறேன். சிலர் கோபப்படுகிறார்கள். சிலர் பக்கத்தில் உட்காருகிறார்கள். நீங்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கிப் போட்டுப் பாருங்கள். சந்தைக்கு அன்று விடுமுறைதான்.